பாத வரைபடமும் வீங்கிய காலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மசாஜ், ரிஃப்ளெக்ஸாலஜி (ஒவ்வொரு உறுப்புக்கும் பாதத்தில் ஓர் இடம் உண்டு என்று வரைபடம் வைத்து அமுக்கும் முறை) பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. இயன்முறை சிகிச்சையாளராக வேலை பார்க்கும் எனக்கு அதுதான் நெருடியது.

மசாஜ் தசையில் வேலை செய்கிறது. இடுப்பு வலிக்கும் கழுத்து வலிக்கும் கொஞ்ச காலத்துக்கு நிவாரணம் தரும் என்பதற்கு ஓரளவு ஆய்வுச் சான்று உண்டு. ரிஃப்ளெக்ஸாலஜி சொல்வது வேறு: பெருவிரல் தலையாம், பாதத்தின் உள்ஓரம் முதுகெலும்பாம். இது பழங்காலக் கலை என்கிறார் கட்டுரையாளர். கால் பிடித்துவிடுவது பழசுதான். அந்த வரைபடம் பழசல்ல. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் உடம்பை 10 மண்டலங்களாகப் பிரித்து 1917-ல் புத்தகம் போட்டார். 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற அமெரிக்கர் அதைப் பாதத்தில் உறுப்பு உறுப்பாகக் குறித்தார். அந்தப் புள்ளிகளை உறுப்புகளோடு இணைக்கும் பாதை எதையும் உடற்கூறியல் இதுவரை காட்டவில்லை. போதிய சான்று இல்லையென்று ஆஸ்திரேலியா 2019 ஏப்ரலில் இதைத் தனியார் மருத்துவக் காப்பீட்டிலிருந்தே எடுத்துவிட்டது.

காலை அமுக்கினால் சுகமாக இருக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது. சரி, அதில் எனக்குத் தகராறு இல்லை. அமுக்கிய இடம் வலித்ததும் ‘சிறுநீரகத்தில் கோளாறு’ என்று சொல்வதில்தான் தகராறு. வலிக்கவில்லை என்பதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இன்னும் மோசம்.

யாருக்கெல்லாம் அமுக்கக் கூடாது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தவர், “கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டிருக்கு, நல்லா அமுக்கி விடுங்க” என்று காலை நீட்டுவார். புறங்கையை இரண்டு கெண்டைக்காலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் ஒன்று மட்டும் சூடாக இருக்கும். டேப் வைத்து அளந்தால் சுற்றளவும் கூடியிருக்கும். உள்ளே ஆழ்நாளத்தில், அதாவது காலுக்குள் ஆழமாக ஓடும் ரத்தக் குழாயில், ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். அப்படிப்பட்டவரை முதலில் மருத்துவரிடம் அனுப்புவேன். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்காமல் அந்தக் காலில் கை வைக்க மாட்டேன்.

அப்புறம், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு அழுத்தம் மிஞ்சினாலும் தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், எலும்பு மெலிந்தவர்களும் அழுத்தமான மசாஜுக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்ணப் பாத வரைபடத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். அடுத்த இதழில் இந்த எச்சரிக்கைகளுக்கு ஒரு பெட்டிச் செய்தி அளவு இடமாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்