பார்க் கட்டுறவங்களே தலைமைக்கு வரணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

புது தீம் பார்க்னா என்ன ரைடு, எவ்ளோ செலவுன்னு மட்டும் எழுதுறாங்க, யார் முடிவெடுக்கறாங்கன்னு யாருமே பாக்கறதில்லன்னு எனக்கு ரொம்ப நாளா வருத்தம். 2025 மே 22 அமெரிக்காவுல ஒர்லாண்டோல யுனிவர்சல் கம்பெனி எபிக் யுனிவர்ஸ்னு ஒரு தீம் பார்க் திறந்தாங்கல்ல, அந்த கம்பெனியோட தீம் பார்க் பிரிவுத் தலைவர் மார்க் வுட்பரி அதுக்கு முன்னாடி பார்க் டிசைன் பண்ற யுனிவர்சல் கிரியேட்டிவ்ங்கற பிரிவுக்கே தலைவரா இருந்தவர், வரைஞ்சு கட்டத் தெரிஞ்சவர் கையில முடிவு இருந்ததாலதான் பார்க்குள்ள ஒவ்வொரு கதைக்கும்னு அமைச்ச ஒவ்வொரு உலகமும் தனித்தனியா அவ்ளோ முழுசா வந்திருக்குன்னு நான் நம்புறேன்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவுல பார்க் நடத்துற சிக்ஸ் ஃப்ளாக்ஸ், சீடர் ஃபேர்ங்கற ரெண்டு கம்பெனியும் 2024 ஜூலை 1 ஒண்ணா சேர்ந்து 42 பார்க் ஆச்சு, அடுத்த வருஷமே மேரிலாண்ட் மாநிலத்துல இருந்த பார்க்கை மூடிட்டாங்க. அங்க வருஷக்கணக்கா வேலை பாத்தவங்கள நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அபுதாபில வரப்போற டிஸ்னி பார்க் வேற மாதிரி, கட்டுறதும் பணம் போடுறதும் அந்த ஊர் மிரால் கம்பெனி, டிஸ்னி டிசைன் பாத்துக்கிட்டு, தன் பேரை பயன்படுத்துறதுக்கு ராயல்டி பணம் வாங்கும். டிஸ்னிக்கு ரிஸ்க் கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா பத்து வருஷம் கழிச்சு பழசான ரைடை மாத்தணும்னா அந்த செலவுக்கு யார் சரின்னு சொல்றது? இதைப் பத்தி உங்க பேப்பர்ல விரிவா ஒரு கட்டுரை போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்