லடாக் போகிறவர்களை முதலில் இரண்டு நாள் லே நகரில் உட்கார விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு லடாக் அழைத்துப் போகிறோம் என்று சென்னைச் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் கொடுக்கும் விளம்பரங்கள் இப்போதே உங்கள் ஞாயிறு இதழில் வர ஆரம்பித்துவிட்டன. ஆறு நாள், ஐந்து இரவு, விமானக் கட்டணம் சேர்த்து, கூடவே நம்ம ஊர் சமையல்காரர். போன ஜூன் மாதம் நானும் என் கணவரும் இப்படி ஒரு குழுவோடு போய்வந்தோம். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் ஊருக்கு வந்தபிறகு வேறு நாலைந்து பேருடைய பயணத் திட்டங்களை வாங்கிப் பார்த்தேன், எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

எங்கள் திட்டம் இதுதான். முந்தின நாள் ராத்திரி சென்னையில் கிளம்பி, டெல்லி விமான நிலைய நாற்காலியில் தூங்காமல் உட்கார்ந்திருந்து, விடிகாலை விமானத்தில் லே. அன்றைக்கு மத்தியானமே சாந்தி ஸ்தூபி. மறுநாள் காலை கார்துங் லா கணவாயைத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர், மூன்றாம் நாள் பாங்காங் ஏரி. படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பணம் கட்டும்போது நான் கேட்ட கேள்விகள் தயிர்சாதம் கிடைக்குமா, வெந்நீர் வருமா, மேற்கத்திய கழிப்பறை உண்டா, இவ்வளவுதான். ஒவ்வொரு ராத்திரியும் எவ்வளவு உயரத்தில் தூங்கப் போகிறோம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நாம் கடல் மட்டத்தில் இருக்கிறவர்கள். ஊட்டி 2,240 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். லே நகரமோ சுமார் 3,500 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கார்துங் லாவில், பல காலம் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தாலும் உண்மையில் 5,359 மீட்டர் உள்ள அந்த இடத்தில், அது பாதியாகிவிடுகிறது. உடம்பு இதற்குப் பழகும், பழகாமல் இல்லை. வேகமாக மூச்சு வாங்கும், சிறுநீரகம் ரத்தத்தின் தன்மையை அதற்கேற்ப மாற்றிக்கொடுக்கும், ஆனால் அதற்கு ஓரிரு நாளாவது வேண்டும்.

எங்கள் குழுவில் பெரம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா, அறுபது வயதைத் தாண்டியவர். முதல் நாள் சாயங்காலமே தலைவலி என்றார். பயணக் களைப்பு என்று சொல்லிக் குழுவோடு வந்த மேலாளர் ஒரு வலி மாத்திரை கொடுத்தார். மறுநாள் கணவாயில் வாந்தி எடுத்தார். ஹுண்டர் லேயைவிடத் தாழ்வு, சுமார் 3,100 மீட்டர்தான், அங்கே ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து அவர் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அடுத்த ராத்திரி பாங்காங் கரையில் கூடாரம். அந்த இடம் 4,200 மீட்டருக்கு மேல். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் அடிப்படையான அறிவுரை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாங்கள் அன்றைக்கு ஒரே பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருந்தோம்.

பத்து மணிக்கு மேல் அந்த அம்மாவால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருமல் வேறு. ஒருவர் கைக்குட்டையில் கற்பூரம் கட்டி முகர்ந்து பார்க்கக் கொடுத்தார், ஒருவர் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். எல்லாம் நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் கற்பூரம் மூக்கு திறந்த மாதிரி ஒரு உணர்வைத் தருமே தவிர ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. கொரோனா காலத்தில் சென்னையில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் அந்த ஆக்சிமீட்டர்கூட மேலாளரிடம் இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்று சொன்னவர் எங்கள் வண்டி ஓட்டுநர், லடாக்கைச் சேர்ந்த இளைஞர். அந்த அம்மாவின் உதட்டையும் நகத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "நீச்சே, நீச்சே" என்று கையைக் கீழே காட்டினார். எனக்கு இந்தி அரைகுறைதான், ஆனால் கீழே இறங்கியாக வேண்டும் என்பது புரிந்துவிட்டது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: பாங்காங்கிலிருந்து லே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாயை ஏறித் தாண்ட வேண்டும், மூச்சு முட்டுகிறவரை ராத்திரியில் அவ்வளவு உயரத்துக்கு ஆக்சிஜன் இல்லாமல் ஏற்றிக்கொண்டு போவது பெரிய ஆபத்து. ஓட்டுநருக்கு அது தெரிந்திருந்தது. கணவாய்க்கு இந்தப் பக்கமே தாழ்வாக இருக்கும் தாங்ட்சே கிராமத்துச் சுகாதார மையத்துக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைக்கச் செய்தார். விடியும்போது அந்த அம்மா பேசினார். பிறகு ஆக்சிஜனோடுதான் லே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது என்றார்கள். இப்போது நலமாக இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உயரத்தால் வரும் இந்த மலை நோய் வயதானவர்களுக்கு மட்டும் வருவது இல்லை. தினமும் மெரினாவில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன் என்ற நம்பிக்கையும் உதவாது, உடற்பயிற்சி செய்கிற இளைஞர்களுக்கும் வரும். தலைவலி, குமட்டல், பசியின்மை இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடையில் தள்ளாட்டமோ மனக் குழப்பமோ வந்தாலோ உடனே இறங்க வேண்டும். ஆக்சிமீட்டரில் 88 என்று காட்டினால் சென்னையில் பதறுவோம், லேயில் முதல் நாள் அது பலருக்குச் சாதாரணம், அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டும். உடம்பு உயரத்துக்குப் பழக டயமாக்ஸ் என்ற மாத்திரை உதவும், ஆனால் சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது, அதைப் போட்டுக்கொண்டோம் என்பதற்காக ஓய்வைக் குறைக்கவும் கூடாது.

சுற்றுலா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விமானத்தில் வருகிறவர்களுக்கு லேயில் முதல் இரண்டு முழு நாளும் எந்தக் கணவாயும் வேண்டாம். நாள் வீணாகிறது என்கிறார்கள். வீணாகவில்லை. முதல் நாள் தூங்கட்டும், இரண்டாம் நாள் கடைத்தெருவில் மெதுவாக நடந்து பாதாமிப் பழம் (ஆப்ரிகாட்) வாங்கட்டும், மூன்றாம் நாள் லேயைவிடத் தாழ்வான நிம்முவுக்குப் போய்ச் சிந்து நதியும் ஜான்ஸ்கர் நதியும் இரண்டு நிறத்தில் கலப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே ஆல்ச்சி மடத்தின் பழைய சுவரோவியங்களையும் பார்க்கட்டும். எங்களுக்கு இதில் எதற்கும் நேரம் தரவில்லை. பாங்காங்கில் தங்கியே ஆக வேண்டுமென்றால் அதற்குப் பிறகு, கடைசியில் வைக்கலாம். ஒரு நாள் கூடினால் செலவு கூடும், தெரியும், அந்தப் பணத்தை நாங்கள் கொடுப்போம். அப்புறம், வண்டிக்கு ஒரு சிலிண்டரும் ஆக்சிமீட்டரும் கட்டாயம் இருக்க வேண்டும். இறங்கலாமா வேண்டாமா என்ற முடிவு சென்னையிலிருந்து வரும் மேலாளர் கையில் இல்லாமல் அந்த ஊர் வழிகாட்டி அல்லது ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும்.

யாரும் லடாக் போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் லடாக்கில் ஹான்லேயிலும் தொலைநோக்கி வைத்திருக்கிறது, அந்த வானத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. ஹான்லே சுமார் 4,500 மீட்டர். அடுத்த ஆண்டு போகிறோம், லேயில் மூன்று ராத்திரி தங்கிவிட்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சுற்றுலாப் பக்கத்திலும், முடிந்தால் விளம்பரங்களிலும், மலைப்பகுதிப் பயணத் திட்டம் எதைப் போட்டாலும் ஒவ்வொரு இரவும் தங்கும் ஊரின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் உயரத்தையும் மீட்டரில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை.