மாமாவின் கொழுந்துக் கணக்கு

கோத்தகிரி,
ஞாயிறு.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாச்சு. சோம்பல் இல்லடா, தேயிலைக் கொழுந்துதான் காரணம். மழை விட்டதும் செடி துளிர்த்துத் தள்ளுது. ஆள் கிடைக்காமல் நானே கத்தரி பிடித்தேன். இடுப்பு வலி தனிக்கதை.

கீழ்வீட்டு மாமா நினைவிருக்கா? பள்ளி விட்டு வரும்போது பிளம்ஸ் பறித்துத் தருவாரே, அவர்தான். சர்க்கரையில் பார்வை போய் ஐந்து வருஷம். லேப்டாப்பில் என்விடிஏ என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். திரையில் இருப்பதைத் தமிழிலேயே வாசிக்கும், காசு கிடையாது. 2006-இல் மைக்கேல் கர்ரன் என்ற ஆஸ்திரேலியர் தொடங்கியது. அவருக்கும் பார்வை கிடையாது.

எங்கள் தெருக்காரர்களின் கொழுந்துக் கணக்கை ஒரு வெப் பக்கத்தில் அட்டவணையாகப் போட்டு வருகிறேன். தேதி, வேளை, எடை, ஈரக் கழிவு (ஈரத்துக்காகக் கழிக்கும் எடை), நிகர எடை. தலைப்பெல்லாம் தடித்த எழுத்து, பணம் வராத நாளுக்குச் சிவப்பு. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மாமா மட்டும், "நீயே வந்து கேளுடா" என்றார்.

ஹெட்போனை மாட்டினேன். கண்ட்ரோலும் ஆல்ட்டும் அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் கட்டம் கட்டமாகப் போகலாம். "42." தட்டினேன், "3." இன்னொரு தட்டு, "39." எது எடை, எது கழிவு? நான் போட்ட அட்டவணை எனக்கே விளங்கவில்லை. எழுத்தைத் தடிக்க வைத்தேனே தவிர, அது தலைப்பு என்று கோடில் எங்கேயும் சொல்லவில்லை. எல்லாமே டிடி, அதாவது சாதாரணக் கட்டம்.

அன்றிரவே தலைப்புகளை டிஹெச், அதாவது தலைப்புக் கட்டம் ஆக்கி, மேல்வரிக்கு 'ஸ்கோப் கால்' (கீழே உள்ள நெடுவரிசைக்கான தலைப்பு), தேதிக்கு 'ஸ்கோப் ரோ' (அந்த வரிக்கான தலைப்பு) கொடுத்தேன். இப்போது "ஈரக் கழிவு 3" என்கிறது. வரி மாறினால் தேதியும் சொல்லுது. காலை, மாலை இரண்டுக்கும் சேர்த்து ஒரே தேதிக் கட்டமாக இணைத்திருந்தேன். அதையும் பிரித்து இரண்டு வரியிலும் தேதி எழுதினேன். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான், போகட்டும். மாதத்தின் பெயர் கேப்ஷனில், அதாவது மொத்த அட்டவணையின் தலைப்பில்.

பறிக்காத நாளுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். "பறிக்கலையா, நீ ஏத்தலையா?" என்று கேட்டார். நியாயம்தானே.

சிவப்பு விஷயம்தான் எனக்கு இன்னும் உறுத்துது. நிறத்தை என்விடிஏ தானாகச் சொல்லாது. மாமாவுக்கு மூன்று வாரப் பணம் பாக்கி என்று தெருவுக்கே தெரியும், மாமாவுக்குத் தெரியாது! 'பணம்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, 'பாக்கி' என்று எழுத்தில் போட்டேன். மறுநாள் காலையிலேயே தடியை எடுத்துக்கொண்டு, கொழுந்து வாங்கும் ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டார். துணைக்கு நானும் போனேன். இரண்டு வாரப் பணம் கைக்கு வந்தது.

ஃபேக்டரிக்காரர்கள் ரசீதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறார்கள். அதுவும் கட்டம் போட்ட கணக்குதான், மாமாவுக்கு வெறும் 'படம்'. ஞாயிறுதோறும் நான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். இந்தக் கடிதமும் அதற்கு நடுவில்தான்.

லீவுக்கு வரும்போது உன் பழைய ஹெட்போன் ஒன்று கொண்டு வா. மாமாவுடையது ஒரு காதில் கேட்பதில்லை.

உன்,
மாப்ளே