தோள் வலியோடு வயலுக்குப் போகும் மச்சானுக்கு

கல்லடி, மட்டக்களப்பு
தை மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து இப்படிக் கோணிப்போயிருப்பதைப் பார்த்ததுமே, வலியைப் பற்றி நீ குறைத்துத்தான் எழுதியிருக்கிறாய் என்று விளங்கியது. மகளுக்குத் திருக்கோவில் ஊருக்கே இடமாற்றம் கிடைத்ததில் எங்களுக்கும் பெரிய சந்தோசம். இங்கே எல்லோரும் சுகம். மார்கழி மழையில் வாவி நிரம்பி வழிந்தது. முகத்துவாரம் வெட்டிய பிறகுதான் தண்ணீர் வடிந்தது.

இனி உன் தோளுக்கு வருகிறேன். பக்கத்து வளவுக்காரர் அதை 'உறைந்த தோள்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்கிறாய். அவர் வயல்களை மேற்பார்க்கும் வட்டை விதானையாக இருக்கலாம், தோளுக்கு விதானை இல்லை. நீ கையைத் தளர விட்டுக்கொண்டு கதிரையில் இரு. தங்கச்சி உன் முழங்கையைப் பிடித்து மெல்ல உயர்த்தட்டும். அவள் தூக்கியும் மேலே போகாமல் இறுகி நின்றால் அவர் சொன்னது சரியாக இருக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு அது அதிகம் வரும். அவள் தூக்கும்போது போகிற கை, நீயாகத் தூக்கும்போது மட்டும் பாதி வழியில் குத்தினால், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணைத்தான் சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டில் தூக்கும்போது ஏறக்குறைய 60 பாகையிலிருந்து 120 பாகை வரை வலித்து, அதைத் தாண்டியதும் வலி குறைந்தால் சந்தேகம் இன்னும் கூடும். மிச்சத்தை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

சென்ற வருடம் வள்ளத்திலிருந்து இறங்கும்போது வழுக்கி, விளிம்பை எட்டிப் பிடித்ததில் எனக்கும் இதே இடத்தில்தான் பிடித்தது. அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் பாதிக் கிழிசல் என்று வந்தது. அக்காவின் மகன் பிசியோதெரபி படித்தவன் அல்லவா, அவன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். தோள் மூட்டு, சின்னத் தட்டில் வைத்த தேங்காய் மாதிரி. குழி ஆழமில்லாததால், நான்கு தசைகளின் நாண்கள் சுற்றிவர இழுத்துப் பிடித்துத்தான் பந்து நழுவாமல் நிற்கிறது. அவற்றில் மேலே இருக்கும் சுப்ராஸ்பினேட்டஸ் என்பதன் நாண், தோள்பட்டை எலும்பின் கூரைக்கு அடியில் ஒடுங்கிய வழியால் வருகிறது. பெரும்பாலும் அறுவது அதுதான். வயது போகப் போக நாண் தானாகவே நைந்துவிடுகிறது. அறுபதைத் தாண்டியவர்களை வரிசையாக ஸ்கான் செய்தால், வலியே அறியாத பலரின் தோளிலும் கிழிசல் தெரியுமாம். ஆகவே அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டதும் கலங்காதே. விதைப்பிலிருந்து பயிருக்கு மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு அதன் பிடியை அடித்தபடியே இருந்த தோள் அது, நொந்துகொள்ளத்தான் செய்யும்.

கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. மூட்டு இறுகி, இல்லாத வருத்தமும் வந்து சேரும். உங்கள் ஊர் முறிவு வைத்தியரின் எண்ணெயால் கேடில்லை, ஆனால் அவர் கையைப் பிடித்து இழுத்து உதற இடம் கொடுக்காதே. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது ஆறுவதும் மெதுவாகத்தான். அளவாக வேலை கொடுத்தால்தான் பலம் பிடிக்கும். எனக்குத் தந்த பயிற்சி இதுதான்: ஜன்னல் கம்பியில் றப்பர் பட்டியைக் கட்டி, விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் மடித்த துவாயை வைத்து, முன்கையை மட்டும் மெல்ல வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். துவாய் கீழே விழுந்தால் தோள் ஏமாற்றுகிறது என்று அர்த்தம். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலையிலும் அந்த வலி இருந்தால் பாரம் கூடிவிட்டது, குறைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். மூன்று மாதமாவது விடாமல் செய்யாமல் பலனில்லை என்று சொல்லாதே.

சட்டை போடும்போது நோகும் கையை முதலில் நுழை, கழற்றும்போது கடைசியாக எடு. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்காமல், மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வை. இந்த இரண்டும் எனக்குப் பனடோலைவிட உதவின.

ஊசி போட்டால் சுகம் என்று யாரோ சொன்னார்களாம். ஸ்டீரோய்ட் ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், உண்மைதான். திரும்பத் திரும்பப் போட்டால் நாணே பலவீனப்படும். உனக்குச் சீனி இருப்பதால் சில நாட்களுக்கு அதுவும் ஏறும். போடுவதென்றால் சீனி இருப்பதைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்.

சத்திர சிகிச்சைக்கும் ஆளுக்கு ஆள் அவசரப்படுகிறார்கள். நாண் முழுதாக அறாதவர்களுக்குக் கூரை எலும்பைச் சுரண்டி இடமெடுக்கும் சிகிச்சை நெடுங்காலம் நடந்துவந்தது. இங்கிலாந்தில் 313 பேரைக் கொண்டு அதைச் சோதித்து, 2018 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். கமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதையும் சுரண்டாமல் மூடப்பட்டவர்களுக்கும் அதே அளவு சுகம்தான். எனக்கு அதைப் படித்ததிலிருந்து கத்தியில் இருந்த பக்தி குறைந்துவிட்டது.

ஆனால் ஒன்று. விழுந்தோ பாரம் தூக்கியோ திடீரென்று 'டக்' என்று கேட்டு, அதன் பிறகு கை எழும்பவே இல்லையென்றால் இந்தப் பொறுமையெல்லாம் பொருந்தாது. அறுந்த நாண் உள்வாங்கி, தசை மெலிந்து கொழுப்பேறிவிட்டால் தைப்பதும் கடினம். சில வாரங்களுக்குள் எலும்பியல் டொக்டரிடம் காட்ட வேண்டும். தைத்தாலும் நாலு முதல் ஆறு வாரம் கை தூளியில்தான், பாரமான வேலைக்கு ஆறு மாதம் வரை ஆகலாம். நீ எழுதியதைப் பார்த்தால் உன்னுடையது அந்த வகை இல்லை. ஆனாலும் வரம்பில் விழுந்ததை மறைத்திருக்கிறாயா என்று தங்கச்சியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அறுவடைக்கு மெஷின் வரும்தானே, நெல் மூட்டையை நீ தொட வேண்டாம், மருமகன் தூக்கட்டும். வெட்டு முடிந்ததும் முதல்நாளே பஸ் ஏறி இங்கே வந்து தங்கு. விடியற்காலையில் போதனா வைத்தியசாலைக்குச் சேர்ந்து போகலாம். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளின் துண்டையும் மறக்காமல் கொண்டு வா. வரும்போது பச்சையரிசி கொஞ்சம் கொண்டுவந்தால் இவளுக்குச் சந்தோசம். பையை இடக்கையில் தூக்கு.

அன்புடன்,
உன் மச்சான்