மனுவின் முதல் பத்தியைப் பற்றி

மூணாறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ எழுதி அனுப்பிய மனுவை நிதானமாகப் படித்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீடு கட்ட நிலம் வேண்டும் என்ற பகுதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். காலமெல்லாம் கொழுந்து கிள்ளியவர்களை, ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய் என்கிறார்களே, அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண்சரிவில் போன 70 பேரும் படுத்திருந்தது லயத்தில்தான்.

ஆனால் "நாங்கள் வரும்முன் இங்கே ஆளில்லாத காடுதான் இருந்தது" என்று தொடங்கியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. அது துரைமார் சொன்ன கதை.

1877இல் மன்றோ துரை பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைப் பாட்டத்துக்கு எழுதி வாங்கினார். 227 சதுர மைல்; ஆண்டுக்கு 3,000 ரூபாய். கொடுத்தவர் ராஜா, வாங்கியவர் துரை. மலையில் குடி வைத்து, காட்டைத் திருத்திக் கேப்பை விதைத்து, விளைந்த இடத்தை ஆறப்போட்டு அடுத்த இடம் போய்க்கொண்டிருந்த முதுவான் ஆதிவாசிகள் அந்தப் பத்திரத்தில் ஒரு தரப்பே அல்ல. பிறகு சோலையை வெட்டித் தேயிலை நட்டவர்கள், ஆள் சேர்க்கும் கங்காணிகள் அழைத்து வந்த நம் முன்னோர்கள். வறுமையும் கடனும் துரத்த மலையேறியவர்கள்; அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும் சரிவுகள் தேயிலையாக ஆக, முதுவான் குடிகள் காட்டுக்குள் தள்ளிப் போனதும் நடந்ததுதானே. வரையாடு மேயும் இரவிகுளம் புல்மேட்டைத் துரைமார் வேட்டைக்கென்று ஒதுக்கிக்கொண்டு, முதுவான்களையே அதற்குக் காவல் வைத்தார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கடைவீதிக்கு இறங்கும் முதுவான் பெண்களை நீயே பார்த்திருக்கிறாய். முதுகில் துணியால் கட்டிய பிள்ளை தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும். லயத்து வாசலில் நின்று தண்ணீர் கேட்டால், சோறு போடாமல் உன் பாட்டி அனுப்பமாட்டாள். மதுரையிலிருந்து மீனாட்சியைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் தாங்கள் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம், பாட்டிக்கு ஊர்ச்சனத்தைக் கண்ட மகிழ்ச்சி.

நீ வக்கீல், உனக்குத் தெரியாததா? 1971 சட்டத்தால் அரசு இந்த மலைகளைத் திரும்ப எடுத்தபோதும் தேயிலை நிலம் கம்பெனியிடமே தங்கியது. ஆதிவாசிகளின் கைவிட்டுப்போன நிலத்தை மீட்டுத்தர 1975இல் கேரளம் இயற்றிய சட்டம் கிடப்பில் கிடந்தது. 1999இல் வேறு சட்டம் வந்து, இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவர்களிடமிருந்து மீட்க வேண்டாம் என்றாக்கிவிட்டது. அந்த வழியில் நாமும் போகக் கூடாது.

ஆகவே மனுவில் இரண்டு வரி சேர். நமக்குத் தரும் நிலம் தோட்டத்து நிலத்திலிருந்து வரட்டும், முதுவான் குடிகளின் காட்டில் கை வைக்க வேண்டாம் என்று ஒன்று. 2006 வன உரிமைச் சட்டப்படி குடிகளுக்குச் சேர வேண்டிய உரிமையை முழுதாகக் கொடுங்கள் என்று மற்றொன்று. நம் வழக்கு வலுவிழக்கும் என்று சங்கத்தில் சிலர் சொல்வார்கள். அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மனுவை வாசிக்கிறார்கள். அதற்குள் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
அப்பா