கையில் நிற்கும் நாற்றம்: சவர்க்காரத்தை மாற்றமுன் காரணத்தைப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கழுவிய கையிலும் ஏதோ நாற்றம் நிற்கிறது, எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை என்று திருகோணமலையில் பலர் சொல்வதுண்டு. உடனே செய்வது சவர்க்காரத்தை மாற்றுவது. வாசம் கூடிய சவர்க்காரம் நாற்றத்தைக் கொஞ்ச நேரம் மூடும், காரணம் அப்படியே இருக்கும்.

முதலில் கையில் எந்த இடம் மணக்கிறதென்று பாருங்கள். விரல் நுனியும் நகக்கண்ணும் என்றால் உள்ளி, மீன், தொலைபேசி உறை. உள்ளங்கைக்குக் குறுக்கே என்றால் இறுக்கிப் பிடித்த ஏதோ ஒரு பொருள். மோதிரத்துக்கு அடியில் மட்டும் என்றால் அங்கே தேங்கிய சவர்க்காரமும் ஊத்தையும்தான். புறங்கையும் சேர்ந்து மணந்தால் தண்ணீரையோ துவாயையோ சந்தேகியுங்கள். மூக்கு சில நிமிடங்களில் மணத்துக்குப் பழகிவிடும், ஆகவே வீட்டில் இன்னொருவரையும் மணந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது. கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரிலும் வாசமில்லாத சவர்க்காரத்திலும் கையைக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். நாற்றம் இல்லையென்றால் மறுபடி நனைத்து, இம்முறை துவாயால் துடையுங்கள். துவாய் காய்ந்திருக்கும்போது மணக்காது, ஈரம் பட்டதும் மணக்கும். அதனால் ஈரக்கையைத் துடைத்தே பார்க்க வேண்டும். அதன்பின் குழாய்த் தண்ணீர், கடைசியாக வழக்கமான சவர்க்காரம். ஒரே தடவையில் இரண்டை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

மாரியில் துவாயே பெரும்பாலும் குற்றவாளி. ஈரத்துணியில் வளரும் மொராக்செல்லா என்ற பக்றீரியா உலர்ந்தாலும் இலேசில் சாகாது. பருத்தித் துவாயைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டெடுத்து, பிறகு காயவிடுங்கள். கோப்பை கழுவும் ஸ்பொஞ்ச் மணத்தால் எறிந்துவிடுவதே நல்லது.

தண்ணீரில் சந்தேகம் வந்தால் இரண்டு கண்ணாடிப் போத்தல் போதும். ஒன்றில் கிணற்று மோட்டரிலிருந்து நேரே வரும் நீர், மற்றதில் தாங்கியிலிருந்து வரும் குழாய் நீர். பாதியளவு நிரப்பி, மூடிக் குலுக்கி, முற்றத்தில் நின்று திறந்து மணந்து பாருங்கள். சிங்கின் கழிவுக்குழாய் நாற்றத்தைத் தண்ணீரின் தலையில் போடுவது வழக்கமான பிழை, அதற்காகத்தான் முற்றத்தில். இரண்டிலும் கூழ்முட்டை மணமென்றால் கிணற்றில் ஐதரசன் சல்பைட்டு இருக்கிறது. குழாய் நீரில் மட்டும் என்றால் தாங்கியின் அடியில் சேறு, அல்லது பைப்புக்குள் வழுக்கும் பக்றீரியாப் படிவு. சேற்றை அள்ளிக் கழுவி, 1000 லீற்றர் தாங்கியை நிரப்பி, 5 வீதக் குளோரின் கொண்ட, வாசனை சேர்க்காத திரவம் 1 லீற்றர் விடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, 12 மணித்தியாலம் விட்டு, முழுவதையும் வெளியேற்றிப் புதுநீர் நிரப்புங்கள். அதுவரை அந்த நீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இந்தக் குளோரின் திரவம் ஒருபோதும் சேரக்கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

போத்தலில் மணமில்லை, கையில் மட்டும் இரும்பு மணம், பேசினில் செங்கறை. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரும்புக்குத் தன்னளவில் மணம் கிடையாது. நீரில் கரைந்த இரும்போ, வியர்த்த கை பிடித்த கறள் வாளியோ, தோலிலுள்ள எண்ணெய்ப் பொருளைச் சிதைத்து ஒக்டினோன் என்ற சேர்வையை உண்டாக்குகிறது. ஜேர்மன், அமெரிக்க ஆய்வாளர்கள் 2006 இல் இதை விளக்கினார்கள். தண்ணீர் காரணமென்றால் இரும்பகற்றும் வடிகட்டி வேண்டும். வாளிப் பிடியென்றால் கறளைச் சுரண்டிப் பெயின்ற் அடித்தால் சரி.

திருக்கடலூரிலோ மூதூரிலோ மீன் வெட்டுபவருக்கு வெடுக்கு எதனால் என்று சொல்லத் தேவையில்லை. கழுவும் ஒழுங்குதான் பிழைக்கிறது. வெடுக்கைத் தரும் ட்ரைமெதைலமைன் ஒரு காரப்பொருள். சவர்க்காரமும் காரம். ஆகவே சவர்க்காரம் போட்டதும் வெடுக்கு இன்னும் கிளம்பும். முதலில் பச்சைத் தண்ணீர். பிறகு அரைத் தேசிக்காயையோ கரைத்த பழப்புளியையோ நகக்கண் வரை தேய்த்து ஒரு நிமிடம் விடுங்கள். அமிலத்தோடு சேர்ந்தால் அது ஆவியாகாத உப்பாகிவிடும். அலசியபின் கடைசியில் சவர்க்காரம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தேசிக்காய் வேண்டாம்.

டீசல் மணத்துக்கு வேறு வழி: தண்ணீர் படுமுன் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம். கராஜ் வேலைக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஸ்குரூ டிரைவர்களின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பிடிகளில் சில, மூடிய பெட்டியின் வெக்கையில் பியூற்றிக் அமிலத்தை விடும். வாந்தி நாற்றம் கையில் ஒட்டும். பிடிகளை அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள்.

இத்தனையும் பார்த்தபின்னும் பிறருக்கு மணக்காத நாற்றம் உங்களுக்கு மட்டும் வந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள். மீனைத் தொடாமலே வியர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும் வெடுக்கு வந்தால் அது ட்ரைமெதைலமினூரியா என்ற பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் அறியலாம்.

இப்படிக்கு,
வாசகர், உப்புவெளி, திருகோணமலை