டிக்கெட் வேண்டாம் என்றதற்குக் காரணம்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "டிசம்பர்ல புது அவெஞ்சர்ஸ் வருதும்மா, ஊருக்கு வரும்போது சேர்ந்து போலாமா?" என்று ஆசையாகக் கேட்டாய். நான் சட்டென்று வேண்டாம் என்றுவிட்டேன். அதற்குப் பிறகு உன் குரலே இறங்கிவிட்டது. போனில் இதையெல்லாம் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அந்த மாதிரி சூப்பர் ஹீரோப் படங்கள் பிடிக்காது என்று நினைத்துவிடாதே. 2004-இல் ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகத்துக்கு உன்னைக் கூட்டிப்போனதே நான்தான். அவன் ரயிலை நிறுத்தும்போது நீ சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினாய். எனக்கு இன்றைக்கும் நினைவில் இருப்பது அதற்கு அடுத்த ஒரு நிமிடம். ரயிலை நிறுத்திவிட்டு அந்தப் பையன் மயங்கிச் சரிகிறான். பயணிகள் அவனைக் கீழே விழாமல் பிடித்து, தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகமூடி இல்லை. சின்னப் பையன், என் மகனைவிடப் பெரியவனாக இருக்க மாட்டான் என்கிறார் ஒருவர். அதுவரை ஊரைக் காப்பாற்றியவனை, அந்த ஒரு நிமிடம் ஊர் தன் பிள்ளையாகப் பார்க்கிறது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்தாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

2018-இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் உலகத்தில் பாதி உயிர்கள் சாம்பலாகிப் போனபோதும் அப்படித்தான் இருந்தது. போக மாட்டேன் என்று அந்த ஸ்பைடர்மேன் பையன், அயர்ன்மேனாக வரும் டோனி ஸ்டார்க்கைக் கட்டிக்கொள்கிறானே, அப்போது அழுதேன். அடுத்த வருஷம் 3 மணி நேரம் ஓடிய அடுத்த பாகமான எண்ட்கேமில் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஆனால் டோனி உயிரைக் கொடுத்துவிட்டான். நடுவில் போன 5 வருஷத்தில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அந்த வருஷங்களை அழித்துவிட்டு மற்றவர்களை மீட்க அவன் சம்மதிக்கவில்லை. அதனால்தான் அவன் சாவு கனமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவற்றில் அந்தக் கனம் போய்விட்டது கண்ணு. யார் செத்தாலும் இன்னொரு பிரபஞ்சத்திலிருந்து அதே ஆளைக் கூட்டிவந்துவிடலாம் என்றால் நான் யாருக்காக அழுவது? டோனியாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரே இப்போது டாக்டர் டூம் என்ற வில்லனாக வருகிறார் என்று 2024-இல் அறிவித்தார்கள். நல்ல நடிகர்தான். ஆனால் நாம் வழியனுப்பிவிட்டு வந்த முகம் அது. நான் வேண்டாம் என்றது இதனால்தான்.

பெரிய படங்களுக்குப் பணம் கொட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பணம் மட்டும் இருந்தால் போதாது என்பதை நீ பார்க்கச் சொல்லி நான் பார்த்த அந்த ஜப்பான் காட்ஸில்லா படம் காட்டிவிட்டது. ஒன்றரைக் கோடி டாலர்கூட ஆகவில்லை. கிராஃபிக்ஸ் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 35 பேர்தான். 2024-இல் அதற்கே ஆஸ்கர் கிடைத்தது. போரில் சாகாமல் திரும்பிவிட்டோமே என்று குமைகிற ஒருவனும், பெற்றவர்களை இழந்த ஒரு குழந்தையும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்றுதான் அந்த மிருகத்தைப் பார்த்துப் பயந்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2025 பிப்ரவரியில் இன்டர்ஸ்டெல்லர் என்ற விண்வெளிப் படத்தை மறுபடி திரையிட்டபோது கோவைக்குப் பஸ் ஏறிப் போய்த் தனியாகப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் வரும் கருந்துளையை கிப் தோர்ன் என்ற இயற்பியல் அறிஞரின் சமன்பாடுகளை வைத்துத்தான் வரைந்தார்கள் என்று நீதான் முன்பு சொன்னாய். அழகுதான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது தொடக்கத்தில் வரும் ஒரு பேச்சு. பயிருக்கெல்லாம் நோய் வந்து, வெண்டைக்காய்க்கு இதுதான் கடைசி அறுவடை, இனி எப்போதுமே கிடையாது என்கிறார்கள். எனக்குப் பகீரென்றது. உலகம் அழிகிறது என்று எத்தனை படத்தில் கட்டடங்களைச் சரித்துக் காட்டியிருக்கிறார்கள்! நம் உடுமலைப் பக்கம் படைப்புழு விழுந்த மக்காச்சோளக் காட்டைப் பார்த்தவளுக்கு இந்த ஒரு வரி போதும்.

அப்புறம் அந்த 23 வருஷம். படத்தின் நாயகன், அந்தக் கருந்துளைக்குப் பக்கத்தில் நேரமே மெதுவாக ஓடும் ஒரு கிரகத்தில் இறங்கிச் சில மணி நேரத்தில் திரும்பி வருகிறான். பூமியில் 23 வருஷம் ஓடியிருக்கிறது. பிள்ளைகள் அனுப்பிய செய்திகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கிறான். மகன் வளர்கிறான், கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, கடைசியில் இனி அனுப்பப் போவதில்லை என்கிறான். கேட்டவன் பதில் சொல்ல வழியில்லை. அவன் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். எந்தப் பிரபஞ்சத்துக்குப் போனாலும் அந்த வருஷங்கள் அவனுக்குத் திரும்பக் கிடைக்காது. பஸ்ஸில் வரும்போது நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைப் பழசிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். முதல் வருஷம் நீ பேசியதில் இருந்த இழுவை இப்போது இல்லை. வேகமாகப் பேசுகிறாய்.

சரி, டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிடு. உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். 3டி மட்டும் வேண்டாம், என் கண்ணாடிக்கு மேல் அந்தக் கண்ணாடி நிற்காது. வரும் தேதியை முன்கூட்டியே சொல். வெண்டை ஊன்றினால் 45 நாளில் காய்க்கும். கணக்குப் பார்த்து விதை போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா